சோலைமந்தி உச்சிக்குப் போன கதை

அந்தக் காலத்தில் காட்டில் இருந்த எல்லாருக்கும் ஒரே பேச்சுதான். மரங்கொத்தி கேட்டால் மனிதன் பதில் சொல்வான்; மனிதன் பொய் சொன்னால் மலையணில் குறுக்கே வந்து திருத்தும். சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு, அப்போது மரத்து உச்சியில் வாழவில்லை. தரையில்தான் நடந்தது. ஓடையில் குனிந்து தண்ணீர் குடித்தது. எதிரே யாராவது வந்தால் நின்று நலம் விசாரித்தது. முகம் கறுப்பில்லை, வெளுத்த தவிட்டு நிறம். முகத்தைச் சுற்றிப் பிடரிமயிர் கிடையாது. வால் மட்டும் அப்படியொரு அழகு. அடி முதல் நுனி வரை புசுபுசுவென்று மயிர், எதைச் சுற்றினாலும் கை மாதிரி இறுகப் பிடிக்கும்.

இன்றைக்கு அதைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்து வலிக்க வலிக்க நிற்கிறோம். பார்த்தேன் என்று சத்தியம் செய்பவர்களில் பாதிப் பேர் பார்த்தது வெறும் இலையை. இப்படி ஆனதற்கு ஒரே ஒரு முடிச்சுதான் காரணம். அதைப் போட்டவள் கெட்டவளும் இல்லை.

அவள் பெயர் குங்கிலி. மேற்கு மலையில், மேகம் வந்து முட்டி நிற்கிற சோலைக்காட்டின் ஓரத்தில் பன்னிரண்டு குடிசைகள் இருந்தன. அதில் கடைசிக் குடிசை அவளுடையது. கணவன் பெயர் வேங்கன். அந்த ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு மரத்தின் பெயரைத்தான் வைப்பார்கள். பிள்ளைக்குப் பல் முளைப்பதற்குள் தாய்மாமன் ஒரு மரத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். அப்படிப் பெயர் கிடைக்காத பிள்ளைக்குத் தேனில் பங்கில்லை, ஊர்ப் பந்தியில் இலையில்லை.

தேன்தான் அவர்களுக்குப் பிழைப்பு. செங்குத்துப் பாறைகளில் பெருந்தேனீ அடை கட்டும். பாறை உச்சியில் நிற்கிற மரத்தில் நீளமான கொடியை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருவன் இறங்குவான். மறுபக்கத்தை மேலே ஒருவன் பிடித்துக்கொண்டு, கேட்கக் கேட்க விடுவான். ஓர் இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் விடு. மூன்று என்றால் தூக்கு. தேனீயின் இரைச்சலில் வேறு பேச்சு எடுபடாது.

மேலே நிற்பவன் யார் என்பதில் அந்த ஊர் கறார். இறங்குகிறவனின் மனைவியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தன் தங்கச்சியை முண்டச்சியாக்க எந்த அண்ணன் கையை விடுவான்? அதுதான் அவர்கள் நியாயம். அக்காள் புருஷன், பங்காளி, சிநேகிதன் இவர்களெல்லாம் விருந்துக்குச் சரி, கொடிக்கு ஆகாது. இன்னொன்றும் உண்டு. அண்ணன் பிடித்துவிட்டால் அவன் கையை நம்பினது நம்பினதுதான். கொடியின் மிச்சத்தை மரத்திலோ வேரிலோ கட்டிவைத்தால் அது அவன் முகத்தில் துப்பினதற்குச் சமம்.

குங்கிலி ஒற்றைப் பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆகவே வேங்கன் பாறையில் இறங்கவே முடியாது. அவன் அக்காள் நாவியின் புருஷன் இறங்கும்போது இவன் மேலே நின்று கொடி பிடிப்பான். சாயங்காலம் நாவி ஒரு குடுவையில் பாதித் தேன் ஊற்றி, "வச்சுக்கடா தம்பி" என்று கொடுப்பாள். கொடுக்கிறவள் பாசமாகத்தான் கொடுத்தாள். வாங்கி வருகிற வேங்கன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

குங்கிலிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. நான்காம் மாதம் ஒரு காலையில் அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"எனக்கு ஒரு அண்ணன் வேணும். போய்த் தேடிக்கிட்டு வாறேன்."

"அண்ணன் என்ன காட்டுக்கிழங்கா, தோண்டி எடுத்தாற?" என்றான் வேங்கன்.

"கிழங்குன்னாலும் தோண்டினாத்தானே கிடைக்கும்? பிள்ளைக்குப் பேர் சொல்ல ஒரு மாமன் வேணும். நீயும் எத்தனை நாளைக்கு அரைக் குடுவை வாங்குவ?"

அவளுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருந்தது. பலாவுக்குத் தம்பி போல ஒரு பழம் சோலையில் உண்டு, அயினிப்பழம். கைக்கு அடக்கமாக, மேலெல்லாம் முள்ளும் உள்ளே மஞ்சள் சுளையுமாக இருக்கும். ஒரே அயினிப்பழத்தைப் பாதியாகப் பிளந்து இரண்டு பேர் தின்றால், அவர்கள் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஆனால் தேவையில்லாமல் எவன் வந்து பழம் தின்பான்? ஊரில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஏற்கனவே தங்கள் தங்கச்சி புருஷனுக்குக் கொடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். குங்கிலி நாலு வீட்டு வாசலில் நின்று பார்த்தாள். பிறகு காட்டுக்குள் நடந்தாள்.

ஓடைக்கரையில் ஓர் இளங்கடுவன் தனியாக உட்கார்ந்திருந்தது. கடுவன் என்றால் சோலைமந்தியில் ஆண்குரங்கு. கூட்டத்துப் பெரிய கடுவன் அதை இரண்டு நாளைக்கு முன்தான் கடித்து விரட்டியிருந்தது. தோளில் காயம். ஈயை விரட்டக்கூட அதற்கு மனசில்லை.

"யாருமில்லையா உனக்கு?" என்று குங்கிலி கேட்டாள்.

"இருந்தாங்க. இப்ப இல்ல."

"எனக்கு இருக்கவே இல்ல." அவள் மடியிலிருந்து அயினிப்பழத்தை எடுத்து, முள் குத்தக் குத்தப் பிளந்து, ஒரு பாதியை நீட்டினாள். "இதைத் தின்னா என்ன அர்த்தம்னு தெரியுமில்ல?"

கடுவனுக்குத் தெரியும். காட்டில் எல்லாருக்கும் தெரியும். பழத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஒரு சுளை விடாமல் தின்று, கொட்டையைக் கன்னப்பையில் ஒதுக்கிக்கொண்டு, "உன் புருஷன் எவ்வளவு கனம் இருப்பான், தங்கச்சி?" என்று கேட்டான்.

இனிமேல் நாமும் அவனை 'அது' என்று சொல்ல வேண்டாம். குங்கிலி காதில் விழுந்தால் சண்டைக்கு வருவாள்.

ஊர் சிரித்தது. ஊர்மூப்பன் மட்டும் தாடையைத் தடவி யோசித்து, "பழம் தின்னாச்சு, உறவு உறவுதான்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சித்திரையில் வேங்கன் முதன்முதலாகப் பாறையில் இறங்கினான். கடுவன் வாலை மரத்தில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் கொடியைப் பிடித்து, விரல் விரலாக விட்டான். மூன்று பாறைகளில் இறங்கினார்கள். மூன்றிலும் குடம் நிறைந்தது. "மச்சான் கை, பாறையை விட உறுதி" என்று வேங்கன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். வீட்டில் மூவரும் ஒரே இலையில் தேன் வழித்துத் தின்றார்கள். குங்கிலிக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் பெரிய பாறை வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதில் இறங்குவார்கள். அடியில் ஆழமான ஒரு நீர்மடு, அதைச் சுற்றிலும் கூரான பாறைகள். முந்தின நாள் சாயங்காலம் நாவி வந்து உட்கார்ந்தாள்.

"குங்கிலி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. போன தடவை நான் பார்த்தேன். உன் அண்ணன் ஒரு கையை எடுத்துக் காதைச் சொறிஞ்சான்."

"இன்னொரு கையில பிடிச்சிருந்தானே, மதினி."

"பிடிச்சிருந்தான். நாளைக்கு ரெண்டு காதும் அரிச்சா? என் தம்பி தொங்குறான்டி அதுல. உன் வயித்துல ஆறு மாசம்."

நாவி போய்விட்டாள். அவள் சொன்னது போகவில்லை. குங்கிலி அன்றைக்குச் சோறு வடிக்கும்போதும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடுவன் உட்கார்ந்து பேன் பார்த்தான், முதுகைச் சொறிந்தான், காதைச் சொறிந்தான். அவன் குரங்கு, சொறியத்தான் செய்வான். முன்பெல்லாம் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

மறுநாள் காலை பெரிய பாறை உச்சியில் வேங்கன் இடுப்பில் கொடியைக் கட்டிக்கொண்டான். பச்சை இலையும் காய்ந்த இலையும் குவித்துப் புகை மூட்டுவது குங்கிலியின் வேலை. கடுவன் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்த நேரத்தில், அவள் மரத்துக்குப் பின்னால் குனிந்து, கொடியின் மிச்சத்தை ஒரு வேரில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அதன்மேல் காய்ந்த இலையை அள்ளிப் போட்டு மூடினாள். பாதுகாப்புக்குத்தானே, அவனுக்குத் தெரியாமலே போகட்டும் என்று மனசைச் சமாதானப்படுத்தினாள்.

வேங்கன் இறங்கினான். அடையை எட்டினான். முதல் வெட்டு விழுந்ததும் காற்று திரும்பியது. புகை மறுபக்கம் போய்விட்டது. தேனீ மொத்தமும் அவன்மேல் வந்து இறங்கியது.

அந்த மாதிரி வேளையில் மேலே தூக்கினால் ஆள் பாதி வழியிலேயே செத்துப்போவான். ஒரே வழிதான் உண்டு. கொடியை மளமளவென்று விட்டு மடுவில் இறக்கிவிட வேண்டும். தண்ணீருக்குள் முங்கினால் பிழைத்தான். கொடி இரண்டு முறை இழுபட்டது. விடு! கடுவன் விட்டான். கொடி பின்னாலிருந்து பாம்பாக ஓடி வந்தது. ஓடுகிற வேகத்தில் புகைமூட்டத்தை அடித்துச் சிதறடித்துத் தணல் முழுவதையும் முடிச்சை மூடியிருந்த காய்ந்த இலைமேல் வாரி இறைத்தது. பிறகு விண்ணென்று நின்றுவிட்டது.

வேங்கன் மடுவுக்கு நாலு ஆள் உயரத்துக்கு மேலே, தேனீக்கு நடுவில் தொங்கினான். கொடி இரண்டு முறை இழுபட்டது. மறுபடி இரண்டு முறை. விடு, விடு.

கடுவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு எதுவும் விளங்கவில்லை. "தங்கச்சி, கொடி எங்கயோ மாட்டியிருக்கு, பாரு!"

குங்கிலி ஏற்கனவே இலைக்குவியலில் கையை விட்டிருந்தாள். தீ பிடித்து எரிந்தது. ஒரு மனிதனின் முழுக் கனமும் விழுந்து இறுகிய முடிச்சு, விரலுக்கு அசையவே இல்லை. கத்தியோ வேங்கன் இடுப்பில் இருந்தது. கை வெந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை.

"மாட்டல அண்ணே! நான்தான் கட்டினேன்! வேர்ல முடிச்சு போட்டிருக்கேன்!"

கடுவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். அந்த ஒரு கணத்தை அவள் சாகும்வரை மறக்கவில்லை. பிறகு அவன் வாலை மரத்தில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினான். இரண்டு கையாலும் கொடியை இறுக்கினான். முடிச்சை அறுத்ததும் கொடி பறந்துவிடக் கூடாதே. முகத்தை நெருப்புக்குள் நுழைத்து, முடிச்சைக் கடித்தான்.

கடித்தான். கடித்துக்கொண்டே இருந்தான். முகம் கருகியது, மயிர் பொசுங்கியது, வாய் வெந்தது. முகத்தை வெளியே எடுக்கவில்லை. முடிச்சு அறுந்தது. கொடி இழுத்த இழுப்பில் அவன் உடம்பு மரத்தில் மோதியது. வால் மரப்பட்டையில் உராய்ந்து உராய்ந்து மயிரெல்லாம் உரிந்தது. அப்போதும் அவன் கையை விடவில்லை. விரல் விரலாகத்தான் விட்டான். கீழே தண்ணீர் சத்தம் கேட்டது. கொடி தளர்ந்தது.

வேங்கன் பிழைத்தான். முகம் வீங்கி, ஏழு நாள் கண் திறக்காமல் கிடந்து பிழைத்தான்.

கடுவன் நெருப்பிலிருந்து முகத்தை எடுத்தபோது அது கன்னங்கரேலென்று இருந்தது. அதைச் சுற்றிலும் சாம்பல் அப்பியிருந்தது. வாலில் நுனிக்குஞ்சம் மட்டும் மிச்சம். சுற்றிப் பிடிக்கிற பலம் அதில் இல்லை, கயிறு மாதிரித் தொங்கியது. அவன் கருகின நாரைத் துப்பினான். வெந்த வாயால் ஒன்றே ஒன்று கேட்டான்.

"நான் விட்டுருவேன்னு நினைச்சியா, தங்கச்சி?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்று சொல்லக் குங்கிலிக்கு வாய் வரவில்லை. அவன் திரும்பி மரத்தில் ஏறினான். அங்கிருந்து அடுத்த மரம், அதற்கடுத்த மரம். எந்த முடிச்சும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டான். அவன் பேசிய கடைசி மனிதப் பேச்சு அதுதான்.

ஆவணியில் குங்கிலிக்குப் பெண் பிறந்தது. கை ஆறியதும், பச்சைப் பிள்ளையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு அவள் காட்டுக்குப் புறப்பட்டாள்.

"எங்க போற?" என்றாள் நாவி.

"பிள்ளையோட மாமனைப் பார்க்க."

"அவன் வரமாட்டான்டி. நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், தப்பு என்னுதுதான். என் புருஷனை விட்டுப் பேர் சொல்லச் சொல்றேன், ஊர் ஒத்துக்கும்."

"நீ சொன்ன, மதினி. முடிச்சு போட்டது என் கை. என் பிள்ளைக்கு மாமன் இருக்கான். உசிரோட இருக்கான். அவன்தான் சொல்லணும்."

அவள் நாள்தோறும் போனாள். மழையில் அட்டை காலெல்லாம் கடித்துத் தொங்கும், பிடுங்கி எறிந்துவிட்டு நடப்பாள். "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிடுவாள். இலைதான் அசையும். முதல் மாதம் அவளுக்கு அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. மேலே பச்சைக்கு மேல் பச்சை, அதற்கும் மேல் ஒரு துண்டு வானம். அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் கூப்பிடுவதை நிறுத்தினாள். சத்தம் போட்டால் அவன் போய்விடுகிறான் என்று புரிந்தது. பிறகு மேலே பார்ப்பதையும் குறைத்து, தரையைப் பார்க்கத் தொடங்கினாள். மந்திகள் பூவைத் தின்கிற வெடிப்பலா மரத்தடியில் மென்று துப்பிய பூ கிடந்தால், அவன் காலையில் அங்கே இருந்தான். பூ ஈரமாக இருந்தால் இப்போதுதான் போனான். காற்றில் கிளை அசைந்தால் பக்கத்துக் கிளையும் சேர்ந்து அசையும். ஆள் அசைத்தால் ஒன்று மட்டும் அசையும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் இலைச் சந்தில் ஒரு வால் தொங்கியது. நுனியில் குஞ்சம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதுகில் பிள்ளை சரிந்தது, துணி முடிச்சை இழுத்து இறுக்கினாள். நிமிர்ந்தால் வால் இல்லை.

அடுத்த வாரம் வேறு மரத்தில் அவன் முகத்தையே பார்த்தாள். கறுத்த முகம், சுற்றிச் சாம்பல் பிடரி. அவளுக்குக் கண் நிறைந்தது. கூந்தல் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது, அள்ளி முடிந்தாள். அதற்குள் முகம் மறைந்தது.

பங்குனி போனது. பிள்ளைக்கு ஈறு தடித்து எச்சில் ஒழுகியது. ஊர்மூப்பன் வீட்டுக்கே வந்து, "பல்லு தெரிஞ்சா என் கையில ஒண்ணுமில்ல, தாயி" என்றார். வேங்கன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். "இன்னைக்கும் போறேன்" என்றாள் குங்கிலி.

சித்திரை, அயினி பழுக்கிற காலம். ஓடைக்கரையில் ஓங்கி நின்ற அயினி மரத்தடிக்கு வந்தாள். அவன் மேலே இருந்தான். பார்க்காமலே தெரிந்தது, ஒரே ஒரு கிளைதான் அசைந்தது. முதுகில் பிள்ளை சிணுங்கியது. துணி முடிச்சை இறுக்கக் கை தானாகப் போனது. கிளை அசைவது நின்றது.

குங்கிலியின் கையும் நின்றது. அந்த வால் மறைந்த நாளும் அந்த முகம் மறைந்த நாளும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. இரண்டு நாளும் அவள் கை ஒரு முடிச்சில்தான் இருந்தது.

அவள் அந்தத் துணி முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையை இறக்கி, தரையில் விரித்த துணிமேல் கிடத்தினாள். கூந்தலை அவிழ்த்து விட்டாள். சோற்று மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். இடுப்புக் கச்சையை அவிழ்த்து ஓடைக்கல்லில் போட்டாள். பிறகு பிள்ளையிடமிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்து, தழும்பு விழுந்த இரண்டு உள்ளங்கையையும் மேலே தெரிகிற மாதிரி விரித்து மடியில் வைத்தாள். பிள்ளை அழுதது. பெற்றவள் கையை எடுக்கவில்லை.

"நான் நினைச்சேன், அண்ணே" என்றாள். "நீ அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் இது. நீ விட்டுருவன்னுதான் நினைச்சேன். இப்ப நினைக்கல. உன் மருமக கிடக்கா. பேர் சொல்லு."

பிள்ளையின் அழுகை ஓய்ந்தது.

மேலே இலை விலகியது. அவன் உட்கார்ந்திருந்தான், ஒளிந்துகொள்ளாமல், முழுசாக. கையில் ஒரு அயினிப்பழம். அதைப் பிளந்தான். ஒரு பாதியைச் சுளை விடாமல் தின்றான். மறு பாதியை அவளையே பார்த்துக்கொண்டு கீழே போட்டான். அது பிள்ளையின் காலடியில், துணிமேல் வந்து விழுந்தது. பிறகு காடு முழுவதும் கேட்கும்படி "கூ... கூ..." என்று ஒரு குரல் கொடுத்தான்.

அவன் கீழே இறங்கவில்லை. இறங்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை. பிள்ளை தன் காலடியில் கிடந்த பழத்தைத் தொட்டு, விரலைச் சப்பிச் சிரித்தது. மாமன் சொன்ன பெயர் பிள்ளையின் கண்முன்னாலேயே கிடந்தது. குங்கிலி அழுதுகொண்டே மீதிச் சுளையைத் தின்றுவிட்டு, "அயினி" என்று பிள்ளையைக் கூப்பிட்டாள். அந்த ஊரில் அந்தப் பெயர் பெற்ற முதல் பெண் அந்தப் பிள்ளைதான். முதல் பல் மறுவாரம் முளைத்தது.

அன்று முதல்தான் சோலைமந்தி கறுத்த முகமும் சாம்பல் பிடரியும் குஞ்ச வாலுமாக மர உச்சியில் வாழ்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர்கள் முடிச்சு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, கையை விரித்து, சத்தமில்லாமல் உட்கார வேண்டியிருக்கிறது. எந்தப் பழத்தைப் பறித்தாலும் அது பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கீழே போடுகிறது. குரங்கு பாரு, எப்படி வீணாக்குது என்று நாம் சொல்கிறோம். வீணெல்லாம் இல்லை, அது தங்கச்சிக்கு.